மேஜை ரம்பத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்

எங்கள் வீட்டுக்காரர் யாருக்கும் கை கொடுக்கிற மனிதர் இல்லை. வங்கியில் வேலை பார்த்த காலம் முழுவதும், எவ்வளவு பெரிய அதிகாரி வந்தாலும் தள்ளி நின்று ஒரு கும்பிடுதான். கை கொடுத்தால் எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், யாரால் முடியும் என்பார். அப்படிப்பட்டவர், பெண்டாட்டி நான் மேஜை ரம்பம் வாங்கப்போகிறேன் என்று சொன்ன மறுநாளிலிருந்து, புனேயில் மரவேலை செய்கிறவர் ஒருத்தர் விடாமல் கைகுலுக்க ஆரம்பித்தார். சும்மா தொட்டுவிட்டு விடுகிற குலுக்கல் இல்லை. எதிராளியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்து, முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்போடு மெதுவாக விடுவார். அந்த மனிதர், இவர் யாரோ பழைய சிநேகிதர் போலிருக்கிறது, நமக்குத்தான் அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துத் தானும் சிரித்துவைப்பார். உண்மையில் இவர் விரல் எண்ணிக்கொண்டிருப்பார்.

எங்கள் சமையலறை அலமாரிகளைச் செய்துகொடுத்த தச்சர் ஏரவாடாவில் இருக்கிறார். அலமாரிக் கதவு ஒன்று இடிக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டு அவரைப் பார்க்கவே இவர் தனியாக ஒரு நாள் போய்வந்தார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது முகம் தொங்கிப் போயிருந்தது. என்னவென்று கேட்டேன். பத்தும் இருக்கிறது என்றார். அதற்கு ஏன் இந்த மூஞ்சி என்று பிறகுதான் புரிந்தது. ஒன்றாவது குறைந்திருந்தால் எனக்குக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று போயிருக்கிறார், பாவி மனுஷன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கோபக்காரி டீச்சர் என்று பிள்ளைகள் மத்தியில் பெயர். அது பொய்ப் பெயர் இல்லை. வேலையில் இருந்து நின்றதும், கோந்த்வாவில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டைப் பிடித்துக்கொண்டு தச்சு வேலையில் இறங்கினேன். கார் தெருவில் நிற்கிறது. அதன்மேல் புறாக்கள் செய்கிற காரியத்தை எங்கள் வீட்டுக்காரர் தினமும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே ஷெட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

முதலில் செய்தது ஒரு செருப்பு அலமாரி. பலகையில் கோடு போடுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது. கைரம்பமும் அந்தக் கோட்டில்தான் தொடங்கும். பாதி வழியில் அதற்கு என்ன ஞாபகம் வருமோ, இடது பக்கம் கிளம்பிப் போய்விடும். அலமாரி ஒரு பக்கம் சரிந்து நின்றது. அதில் வைத்த செருப்புகள் தாமாகவே இறங்கி வாசலுக்கு வந்தன. அடுத்து ஒரு ஸ்டூல் செய்தேன். மூன்று கால் தரையில் நின்றது, ஒரு கால் நிற்கவில்லை. நீளமாக இருந்த காலைக் கொஞ்சம் அறுத்தேன், இன்னொன்று நீளமாயிற்று. அதையும் அறுத்தேன். இப்படி அறுத்து அறுத்துக் கடைசியில் அது மனைப்பலகை ஆயிற்று. நல்ல மனைப்பலகை என்று சொல்லவேண்டும். இன்றைக்கும் அதில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறேன்.

அதன் பிறகுதான் எனக்கு மேஜை ரம்பம் வேண்டும் என்று தோன்றியது. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு இரும்பு மேஜை, அதன் நடுவில் ஒரு பிளவு, அந்தப் பிளவு வழியாக வட்டமான பிளேடு ஒன்று பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். மேஜையின் ஒரு பக்கத்தில் நேரான சட்டம் ஒன்று உண்டு. பலகையை அந்தச் சட்டத்தை ஒட்டியே தள்ளிக்கொண்டு போனால் போதும். ரம்பம் இருந்த இடத்திலேயே இருக்கும், மரம்தான் நகரும். அதனால் வெட்டு நூல் பிடித்த மாதிரி விழும். ஆனால் மரத்தைத் தள்ளுவது நம்முடைய கை. வீட்டில் சண்டை வந்தது அந்த இடத்தில்தான்.

சண்டை என் விரலைப் பற்றியது என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும். அதற்குப் பின்னால் ஒரு ஊசி இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் போட்டாக வேண்டும். இப்போதெல்லாம் அது பேனா மாதிரி ஒரு சின்னச் சாமான், ஊசி மயிரிழை அளவுதான். டாக்டர் அதைத் தானே போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொடுத்த அன்று, இவர் டாக்டரின் மேஜைமேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். அன்றிலிருந்து நான்தான் போடுகிறேன். அதற்கென்று எங்களுக்குள் ஒரு முறை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கிக்கொள்வார். கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். பிறகு, "இன்னைக்கு என்ன காய்?" என்று கேட்பார். நான் கத்திரிக்காய் என்று சொல்லி, அது கூட்டா பொரியலா, தேங்காய் உண்டா இல்லையா என்று விவரித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி போய், மருந்து இறங்கி, வெளியே வந்துவிடும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இதுதான் நடைமுறை. என் கை ஒரு நாளும் நடுங்கியது இல்லை. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஆகவே மேஜை ரம்பம் என்ற பேச்சை எடுத்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"ஒன் விரலு போச்சுன்னா எனக்கு யாரு ஊசி போடுவா?"

"ஒண்ணு ரெண்டு போனாலும் மிச்சத்த வச்சிப் போட்டுக்கிடலாம், பயப்படாதிய" என்றேன் நான்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். அன்று இரவு மனிதர் சாப்பிடவில்லை. மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்துதான் இந்தக் கைகுலுக்கல் தொடங்கியது.

எனக்கு ஆசை விழுந்தது கசார்வாடியில் பார்த்த ஒரு பழைய ரம்பத்தின்மேல். பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி, பட்டறைகளுக்கு நடுவே, மூடிப்போன தொழிற்சாலைகளில் இருந்து வாங்கிய இயந்திரங்களைத் துடைத்து விற்கிற கடை ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மூலையில், பச்சைப் பெயின்ட் அடித்து, கனமான வார்ப்பிரும்பு மேஜையோடு அது நின்றது. பையில் கொண்டுபோயிருந்த இரும்பு அளவுகோலை மேஜைமேல் நிறுத்தி, குனிந்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். எந்தப் பக்கம் வைத்தாலும் ஒரு கீற்றுக்கூடத் தெரியவில்லை. அப்படி ஒரு மட்டம். பிளேடைக் கையால் சுற்றிவிட்டால் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் மனம் பறிகொடுத்த மாப்பிள்ளை மாதிரி எனக்கு ஆகிவிட்டது. இதுதான், வேறு பார்க்கவேண்டாம் என்று முடிவு செய்து நிமிர்ந்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த மனிதருக்கு மோதிர விரல் பாதிதான் இருந்தது. இவர் அந்தப் பாதி விரலை விடாமல் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டுகிறார். கடைக்காரர் ஒன்றும் புரியாமல், "காய் ஜாலா, காகா?" என்று மராத்தியில் கேட்டார். என்ன ஆயிற்று என்று கேட்கவேண்டியவர் இவர் இல்லையா? இவரும் கேட்டார். சின்ன வயதில் பஸ் கதவில் மாட்டிக்கொண்டதாம். ரம்பத்துக்கும் அந்த விரலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பித் தமிழில், "பஸ் கதவுன்னு சொல்லுதாரு. நீ நம்புதியா?" என்றார்.

நம்புகிறேன் என்றேன். உலகத்தில் பஸ்ஸுக்கும் கதவு இருக்கிறது, கதவுக்கு இடுக்கும் இருக்கிறது என்றேன். ரம்பத்துக்குள் விரலைக் கொடுக்கிறவன் மடையன், நான் என்ன மடச்சியா, வாழ்நாளெல்லாம் கரண்டோடும் கண்ணாடிக் குழாயோடும் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு ஒரு பலகையைத் தள்ளத் தெரியாதா என்றும் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் நின்றுவிட்டது. இவர் அங்கே கிடந்த ஒரு பழைய மோட்டார்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். டீயைக் குடித்தார், எழுந்திருக்கவில்லை. வேறு இடமும் பார்த்துவிட்டு வருகிறோம் என்று நான் சொன்ன பிறகுதான் எழுந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கதவுப் பக்கமே போகாமல், நடுவில் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த சில நாட்களில் இவருக்குப் போனில் ஒரு புதையல் கிடைத்தது. விரல் பட்டால் தானே நின்றுவிடுகிற மேஜை ரம்பம். வெளிநாட்டுச் சரக்கு, நம் ஊரிலும் ஒரு கடையில் தருவித்து விற்கிறார்கள் என்று கண்டுபிடித்து, செய்துகாட்டச் சொல்லி நேரமும் கேட்டு வைத்துவிட்டார். நகரத்தின் மறுகோடியில் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் வைத்த கடை. ரம்பத்தைப் பார்த்தால் எனக்குப் பிடிக்கவில்லை. கசார்வாடி மேஜையில் பாதி கூட இல்லை. கையால் தட்டினால் தகரச் சத்தம் வந்தது. விலையைக் கேட்டால் அந்தப் பச்சை ரம்பம்போல இரண்டு வாங்கி மிச்சத்தில் தேக்கு வாங்கலாம்.

விற்பனையாளர் சின்ன வயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். செய்துகாட்டுவதற்காக டப்பாவில் இருந்து ஒன்றை எடுத்தார். விரல் மாதிரியே இருந்தது. இது என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். கோழி சாசேஜ் என்றார் அவர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக்காரர்கள். முட்டை போட்ட கேக்கைக்கூட எங்கள் வீட்டுக்காரர் மோந்து பார்த்துத்தான் தொடுவார். கோழி என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டடி பின்னால் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணையும் மூடிக்கொண்டார். நான் பார்த்தேன். சுற்றுகிற பிளேடில் அந்த சாசேஜ் பட்டதும் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். பிளேடு மேஜைக்குள் மறைந்துவிட்டது. சாசேஜில் நகம் பட்ட அளவுக்கு ஒரு கீறல், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை விளக்கினார். பிளேடில் எப்போதும் லேசான மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். நம் உடம்பில் நீரும் உப்பும் இருப்பதால், உடம்பு பட்டதும் அந்த மின்சாரம் மாறும். அதைக் கண்டுகொண்டு ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்வி நிறுத்தும். ஒரு தடவை கவ்வினால் கட்டையும் போச்சு, பிளேடும் போச்சு, இரண்டும் புதிதாக வாங்கவேண்டும். அதனால் ஈர மரம் அறுக்கக் கூடாது, உலோகம் அறுக்கக் கூடாது. தவிர்க்க முடியாமல் அறுப்பதாக இருந்தால் முதலில் ஒரு சாவியைத் திருப்பி அந்தக் கண்காணிப்பை நிறுத்திக்கொள்ள வேண்டும். மின்சாரம் எப்படி ஓடும் என்று எனக்கே வகுப்பு எடுக்கிறானே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். தெரியும், தெரியும் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும், இதையே வாங்கலாம் என்றார் வீட்டுக்காரர். கண்ணை மூடிக்கொண்டு நின்ற மனிதர் எதை வைத்து நம்புகிறார் என்று கேட்டேன்.

"கோழி பொழச்சிட்டுன்னு நீதான சொன்ன" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது கவனமில்லாதவர்களுக்காகச் செய்த மெஷின் என்றேன். எனக்குக் கசார்வாடிதான், வண்டிக்குக்கூடச் சொல்லியாயிற்று என்றேன். இரண்டு நாள் வீட்டில் ஊசி நேரத்தைத் தவிரப் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் காலை நான் பேனாவில் ஊசியைப் பொருத்திக்கொண்டு வந்து நின்றால், இவர் சட்டையைத் தூக்கவில்லை. பொத்தானையெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றார். "ஊசி இல்லாம இருந்து பழகிக்கிடுதேன். பின்னால தேவைப்படும்."

வந்த கோபத்துக்கு அந்த ஊசியை அவர் தொடையிலேயே இறக்கியிருப்பேன். கத்தினேன். வங்கியில் இத்தனை வருஷம் இருந்தும் இப்படிச் சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடிக்க வெட்கமாக இல்லையா என்றேன். கட்டின கையைப் பிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் விளையாட்டுக்குச் சொல்வது போலவே சொல்லி, சொன்னதைச் செய்கிற ஜாதி. சரி, உங்கள் கோழி ரம்பத்தையே வாங்குங்கள் என்று சொல்லித் தொலைத்தேன். உடனே பொத்தானைக் கழற்றிச் சட்டையைத் தூக்கினார். கண்ணை மூடினார். இன்றைக்கு என்ன காய் என்று கேட்டார். பாகற்காய் என்று சொல்லிக் கொஞ்சம் அழுத்தியே குத்தினேன்.

ரம்பம் நவராத்திரி சமயத்தில் வந்து சேர்ந்தது. நானே பிரித்து, பூட்டி, மட்டம் பார்த்து நிறுத்தினேன். தட்டினால் தகரம் என்று சொன்னேனே தவிர, பூட்டி முடித்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உடனே ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. ஆனால் ஆயுத பூஜை நெருங்கியாயிற்று, பூஜை போடாமல் தொடக்கூடாது என்றார் இவர். பூஜையன்று மோட்டாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மேஜைமேல் சாமந்திப் பூச்சரம். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று எடுக்கக் கூடாது என்பதால் அன்றைக்கும் ஓட்டவில்லை. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துத் தொடங்கலாம் என்று இரண்டு பேரும் குளித்துவிட்டு ஷெட்டுக்கு வந்தோம். இவர் கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம் இல்லாமல் எந்தப் புது வண்டியும் நகர்ந்தது கிடையாது. கார் வாங்கினால் நான்கு சக்கரத்துக்கும் நான்கு. ஸ்கூட்டருக்கு இரண்டு. துணி துவைக்கிற மெஷினுக்கே ஒன்றை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தவர் இவர். திருஷ்டியெல்லாம் அந்தப் பழத்தோடு போய்விட வேண்டும். இப்போது இந்த ரம்பத்துக்குச் சக்கரம் இல்லை. காலுக்கு அடியில் வைத்தால் அது பழத்தை நசுக்காது, மேஜைதான் கோணும். எவ்வளவு பாடுபட்டு மட்டம் பார்த்து நிறுத்தியிருக்கிறேன், விடுவேனா? அப்படியானால் உள்ளே போய் அரிவாள்மணையில் அறுத்துக்கொண்டு வருகிறேன் என்று இவர் திரும்பினார்.

நான் தடுத்தேன். அறுக்கிறதற்கென்றே இத்தனை விலை கொடுத்து ஒரு மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குத் திருஷ்டி கழிக்கிற பழத்தை அரிவாள்மணையில் அறுப்பதா? முதல் வெட்டு பழமாகவே இருக்கட்டும், அதுவே அறுத்துக்கொள்ளட்டும் என்றேன். எனக்கே அது மிகவும் பொருத்தமாகப் பட்டது. பழம் உருண்டு ஓடாமல் இருக்க அடியில் ஒரு துண்டு சீவி, சீவின பக்கத்தை இரும்பு மேஜைமேல் பதித்து உட்காரவைத்தேன். தலையில் குங்குமம் வைத்தேன். கையால் தள்ளக் கூடாது என்று மரத் தள்ளுகட்டையைக்கூட எடுத்துக்கொண்டேன். அவ்வளவு கவனம்.

சுவிட்சைப் போடப் போகும்போது இவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏட்டி, இதுக்கும் நின்னுராதுல்லா?"

"அது மாமிசத்தப் பாத்து நிக்கிற மெஷினு" என்றேன். "எலுமிச்சம்பழம் சைவந்தான?"

இவருக்கு அது பரம திருப்தியாக இருந்தது. சரிதான் என்று தலையாட்டி, கைகூப்பி நின்றார். நான் ரம்பத்தை ஓடவிட்டு, பழத்தைத் தள்ளினேன்.

அன்றைக்குக் கடையில் கேட்ட அதே வெடிச் சத்தம். புறாக்கள் எல்லாம் கூரையில் இருந்து கிளம்பின. பிளேடைக் காணவில்லை. நான் தள்ளுகட்டையோடு அப்படியே நிற்கிறேன். என்ன நடந்தது என்று எனக்கு உறைப்பதற்கு முன்பே, கட்டை என் கையில் இருந்து பிடுங்கப்பட்டுத் தரையில் விழுந்தது. எங்கள் வீட்டுக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தடவி எண்ணினார். தச்சர்களுக்குச் செய்தாரே, அதே மாதிரி. ஆனால் இப்போது சிரிப்பு இல்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் கட்டைவிரலில் இருந்து தொடங்கினார்.

"பத்தும் இருக்குங்க. விடுங்க" என்றேன்.

விடவில்லை. அவருடைய கை ஐஸ் மாதிரி இருந்தது.

தசரா என்பதால் ஆப்டா இலையைத் தங்கம் என்று கொடுத்து வாழ்த்திப் போக வந்த அடுத்த வீட்டு அம்மாள், சத்தம் கேட்டு வாசலிலேயே நின்று, "காய் ஜாலா?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை, எலுமிச்சம்பழம் என்று நான் ஹிந்தியில் சொன்னேன். அந்த அம்மாள் எலுமிச்சம்பழத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இலையைக் கொடுத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

பழம் மேஜைமேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. நெற்றிக் குங்குமம் கலையவில்லை. ஒரு ஓரத்தில் தோல் மட்டும் கீறியிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்குக் கோழிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டவர், இப்போதுதான் ரம்பம் நிற்பதை முதன்முதலாகப் பார்க்கிறார். முகத்தில் மெல்ல ரத்தம் வந்தது. தோல்தான் கீறியிருக்கிறது, சாறு கூட வரவில்லை, வாங்கினது வீண்போகவில்லை என்று சந்தோஷமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். புது பிளேடும் அலுமினியக் கட்டையும் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். பழத்தைக் கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

நான் என்னுடைய மனைப்பலகையைக் கொண்டுவந்து போட்டு ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் எலுமிச்சம்பழத்தில் ஒரு ஆணியும் ஒரு செம்புக் கம்பியும் குத்தி, அப்படிச் சில பழங்களைச் சேர்த்து ஒரு சின்னக் கடிகாரத்தை ஓட்டிக் காட்டினவள் நான். பழத்துக்குள் கரண்ட் போகும் பாருங்கள், நீரும் புளிப்பும் இருக்கிறது பாருங்கள் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். பதில் சொல்லாத பிள்ளைகளைப் பெஞ்சு மேல் நிற்கவைத்திருக்கிறேன். அந்த வாயால், சுளுவாக, சைவம் என்று சொல்லியிருக்கிறேன். சந்தனமும் பூவும் கண்ணுக்கு முன்னால் இருந்ததும் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கசார்வாடிப் பச்சை ரம்பம் ஞாபகத்துக்கு வந்தது. அது எதற்கும் நிற்காது. எலுமிச்சம்பழத்தை மறக்கிறவள் விரலை மறக்கமாட்டாள் என்று யார் சொன்னது? கசார்வாடியில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமலும், பிறகு ஊசி வேண்டாம் என்றும் இவர் மட்டும் அடம்பிடித்திருக்காவிட்டால் என்று நினைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வெளியே இவர் காரைத் துடைத்துக்கொண்டே யாருக்கோ போனில் பழத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையைத் தூக்கினார். கண்ணை மூடினார்.

"இன்னைக்கு என்ன காய்?"

எனக்கு ஒரு காயின் பெயரும் வாயில் வரவில்லை. பேனாவைப் பிடித்திருந்த கை ஆடியது. இன்னொரு கையால் பிடித்துப் பார்த்தேன், அதுவும் சேர்ந்து ஆடியது. இது என்ன கண்றாவி என்று எனக்கே எரிச்சல். பதில் வராததால் இவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். என் கையைப் பார்த்தார். ஊசியையும் பார்த்துவிட்டார், முகம் வெளுத்தது.

"கொண்டா" என்றார்.

வேண்டாம், கொஞ்ச நேரம் இருங்கள், சரியாகிவிடும் என்றேன். கேட்கவில்லை. என் விரல்களைப் பிரித்துப் பேனாவை வாங்கிக்கொண்டார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"இன்னைக்கு என்ன காய்ங்க?" என்று கேட்டேன்.

"எலுமிச்சம்பழச் சாதம்" என்று குரல் வந்தது. "வாங்கினது நெறைய கெடக்குல்லா. அப்பளம் பொரி. கடலப்பருப்பு கூடப் போடு. காஞ்ச வத்தலு..."

வத்தலோடு குரல் நின்றது. நாற்காலி சுவரில் இடிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். மனிதர் கண் செருகிச் சுவரில் சாய்ந்திருந்தார். பேனாவை எடுத்துப் பார்த்தேன். அன்றைய அளவு மருந்து சரியாக இறங்கியிருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்தேன், கண்ணைத் திறந்து, போட்டாச்சா என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக எண்ணிக்கொண்டிருந்தேன்.